மூலமும் படியும்: சிங்கப்பூரில் ஒரு கலைக்களஞ்சியத்தின் ஆடித்தளம்

ஒரு நூல் பல படிகளாகப் பெருகும்போது, அப்படிகள் யாவும் தம்முள் ஒத்திருக்க வேண்டுமே என்னும் கவலையும் உடன் பிறக்கின்றது. தமிழ்ப் புலவர்க்கு இக்கவலை புதியதன்று. ஏடு எழுதுவோர் கைத்தவற்றால் ஓரெழுத்தை மாற்றியும் ஓரடியை விடுத்தும் எழுதியதுண்டு. மூல ஏட்டில் பிழையெனத் தமக்குத் தோன்றியதைத் திருத்தி எழுதியதும் உண்டு. முன்னது அறியாமல் நேர்ந்தது. பின்னது அறிந்தே செய்தது. இரண்டின் பயனும் ஒன்றேயாயிற்று. அதனைப் பாடபேதம் என்றனர். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல இடங்களிற் கிடைத்த சுவடிகளை ஒப்புநோக்கி, எது மூலம், எது இடையில் நுழைந்தது என்று ஆராய்ந்து தெளிய நேர்ந்தமைக்குக் காரணம் இதுவே. படியெடுத்தவர் ஒவ்வொருவரும் திருத்தும் உரிமையையும் உடன் எடுத்துக்கொண்டமையால் விளைந்த இடர்ப்பாடு அது.

அச்சு இயந்திரம் அவ்விடர்ப்பாட்டை நீக்கிற்று. ஆயிரம் படிகளும் ஒரே அச்சிலிருந்து வந்தன. ஆகவே ஆயிரமும் ஒத்திருந்தன. எனினும் வேறொரு குறை தோன்றிற்று. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் தமிழுக்கு வாய்த்த பெருஞ்செல்வம். ஆயின் அதில் ஒரு செய்தி பழையதாகிவிட்டால், படிப்பவர் தம் படியின் ஓரத்திற் குறித்துக்கொள்ளலாமேயன்றி ஏனையோர் படிகளில் அத்திருத்தம் ஏறாது. அடுத்த பதிப்பு வரும்வரை பிழை பிழையாகவே நிற்கும்.

சுவடியின் திருத்தும் உரிமையையும் அச்சின் ஒருமையையும் ஒருங்கே தர முற்பட்டது இணையக் கலைக்களஞ்சியம். 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியாவில் படிப்பவர் எவரும் திருத்தலாம். திருத்தம் அப்பொழுதே உலகோர் அனைவர்க்கும் தெரியும். 2003இல் தமிழ்ப் பதிப்பு தோன்றியது. 2017இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. இத்தகைய களஞ்சியத்தின் படியொன்று வேறோர் ஊரில் இருந்தால் அதனை ஆடித்தளம் என்பர். ஆடியில் உருவம் தெரியும். ஆயின் ஆடியிற் பொட்டிட்டால் நெற்றியில் ஏறாது. படியாகிய ஆடித்தளத்தில் ஒருவர் செய்யும் திருத்தத்தை மூலமும் ஏனைய ஆடிகளும் ஏற்குமாறு செய்தல் இயலுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது. அதற்குச் சிங்கப்பூர் நல்லதொரு சான்றாக அமைகின்றது.

சிங்கப்பூரின் முற்பணி

இணையத்தில் தமிழ் நிலைபெற்ற வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. சிறுகதை ஆசிரியரும் தேசியக் கல்விக் கழகத்து ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, கணியன் என்னும் பெயரில் தமிழ் எழுத்துருவும் உள்ளீட்டு முறையும் அமைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டான் டின் வீ முதலியோருடன் அவர் ஆற்றிய பணியின் பயனாக, 1995 அக்டோபரில் அந்நாளைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்மொழிக் கவிதை இணையத்தளத்தில் தமிழ்க் கவிதைகளும் இடம்பெற்றன. 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாகச் சிங்கப்பூரில் கூடிற்று. 2000ஆம் ஆண்டில் மீண்டும் இங்கே கூடிய மாநாட்டையொட்டி, உத்தமம் எனச் சுருக்கமாக வழங்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று.

அக்காலத்து அறிஞரை வருத்திய சிக்கல் குறியீட்டு முறைகளின் பன்மை. ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. சிங்கப்பூரில் எழுதியதைச் சென்னையிற் படிக்க இயலாதபோது, அங்கிருந்து அதனைத் திருத்துவது எங்ஙனம்? ஒருங்குறி பரவிய பின்னரே பல நாட்டார் கூடித் தமிழில் ஒரு களஞ்சியம் எழுதுதல் கைகூடிற்று. நா. கோவிந்தசாமி 1999இல் மறைந்தமையால் அந்நாளைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

2018இல் வந்த ஆடித்தளம்

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, 2018 மார்ச்சில் சிங்கப்பூரில் ஒரு தரவு நிலையத்தை இயங்கச் செய்தது. அதற்கு முன் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருந்த நிலையங்களிலிருந்தே ஆசிய வாசகர்க்குப் பக்கங்கள் வந்தன. இப்பொழுது சிராங்கூன் சாலையில் நிற்கும் மாணவன் ஒருவன் தன் கைப்பேசியில் ஒரு கட்டுரையைத் திறந்தால், முன்பு வேறொருவர் கேட்டபோது சேமித்து வைத்த படி இத்தீவிலேயே இருக்குமாயின், அதுவே அவனுக்குக் கிடைக்கும்.

ஆயின் அதே மாணவன் கட்டுரையில் ஒரு சொல்லைத் திருத்திச் சேமித்தால் நிகழ்வது வேறு. சிங்கப்பூர் நிலையம் அத்திருத்தத்தைத் தானே ஏற்பதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா, டெக்சாசு மாநிலங்களில் உள்ள இரு பெரு நிலையங்களுள் அப்பொழுது மூலமாக விளங்கும் ஒன்றிற்கு அது கடல் கடந்து செல்கின்றது. அங்கே பதிவான பின், பழைய படியை நீக்குமாறு ஒவ்வோர் ஆடித்தளத்திற்கும் ஓர் அறிவிப்பு வரும். அடுத்துக் கேட்பவருக்குப் புதிய படி செல்லும். படிக்கும் உரிமை அருகிலும் எழுதும் வாயில் தொலைவிலும் வைக்கப்பட்டமைக்குக் காரணங்கள் உள.

முன்பின் அறியும் சிக்கல்

முதற்காரணம் வரிசை. களஞ்சியத்தில் ஏறும் திருத்தம் ஒவ்வொன்றும் ஓர் எண் பெறுகின்றது. எண் வழங்கும் இடம் ஒன்றாயின் எது முந்தியது, எது பிந்தியது என்பதில் ஐயம் இல்லை. இரண்டு இடங்கள் தனித்தனியே எண் வழங்கினால் ஒரே எண்ணை இருவேறு திருத்தங்கள் பெறக்கூடும். ஒற்றைப்படை ஓரிடத்திற்கும் இரட்டைப்படை மற்றோரிடத்திற்கும் எனப் பங்கிட்டாலோ, எண்ணைக் கொண்டு முன்பின் அறிதல் இயலாது. கடிகாரத்தை நம்பலாமோ எனின், தொலைதூரக் கணிப்பொறிகளின் கடிகாரங்கள் இம்மியும் பிசகாது ஒத்திருப்பதில்லை. நிகழ்ச்சிகளின் முன்பின் முறையைக் கடிகாரத்தை மட்டும் கொண்டு துணிதல் ஆகாது என்பதை 1978இல் லெசுலி லாம்போர்ட்டு தம் ஆய்வுரையில் விளக்கினார்.

சிங்கப்பூருக்கும் வர்ஜீனியாவுக்கும் இடையே ஏறத்தாழ 15,500 கிலோமீட்டர். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் விரைகின்றது. எனவே நேர்வழியே சென்றாலும், போய்த் திரும்ப ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்களவு காலம் வேண்டும். சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி வந்த 1871ஆம் ஆண்டின் கண்கொண்டு நோக்கினால் இது பெருவியப்பு. ஆயினும் அந்த இடைவெளிக்குள் மற்றொருவர் அதே வரியைத் திருத்திவிட இடமுண்டு. எத்துணைப் பொருள் செலவிட்டாலும் ஒளியின் வேகத்தைக் கூட்டுதல் இயலாது.

இரு கைகள், ஒரு வரி

இரண்டாவது காரணம், மாறுபட்ட திருத்தங்களை ஒன்றாக்கும் அருமை. சிராங்கூன் சாலை பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள தேக்கா சந்தைக் கட்டடம் 1982இல் ஜூஜியாவ் நிலையம் என்னும் பெயருடன் திறக்கப்பெற்றது. 2000இல் தேக்கா நிலையம் என்னும் பெயரை மீண்டும் பெற்றது. கட்டுரையில் அந்த இடைக்காலப் பெயரே நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் ஆடித்தளத்தில் ஓர் ஆசிரியர் அதனைத் ‘தேக்கா நிலையம்’ என்று மாற்றுகிறார். அதே நேரத்தில் சென்னையில் உள்ள ஆடித்தளத்தில் மற்றொருவர், அந்தப் பெயர் 1982இல் வழங்கப்பட்டது என்னும் விளக்கத்தை அதே வரியிற் சேர்க்கிறார். இரண்டும் தனித்தனியே சரியானவை. இரண்டையும் இயந்திரம் இணைத்தால், 2000இல் மீண்ட பெயர் 1982இல் வழங்கப்பட்டது என்னும் பொய்ச்செய்தி பிறக்கும்! எழுதியவர் இருவரும் பிழை செய்யவில்லை. இணைப்பே பிழை செய்தது.

மூலம் ஒன்றாக இருக்கையில் இத்தகைய மோதலுக்கு எளிய வழி உண்டு. முன்னவரின் திருத்தம் ஏறும். பின்னவர் சேமிக்கும்போது, அவர் கையில் எடுத்த படி பழையதாகிவிட்டதை மென்பொருள் உணரும். வெவ்வேறு பகுதிகளைத் தொட்டிருந்தால் தானே இணைக்கும். ஒரே பகுதியாயின் தொகுத்தல் முரண்பாடு என்று அறிவித்து இரு வடிவங்களையும் அவர்முன் வைக்கும். அவர் அப்பொழுதே அங்கே இருப்பதால் பொருளறிந்து முடிவு செய்வார். ஆடித்தளங்கள் தனித்தனியே ஏற்றுக்கொண்டு பின்னர் ஒப்பிடுமாயின், முரண்பாடு வெளிப்படும் நேரத்தில் எழுதியவர் இருவரும் எழுந்து போயிருப்பர். தீர்க்கவேண்டிய கணக்கு வாரிசின்றிக் கிடக்கும்.

பலர் ஒருங்கே திருத்தும் முறைக்கு மூன்று தேவைகளை 1998இல் வெளிவந்த ஆய்வொன்றில் செங்ஜெங் சுன் முதலியோர் வகுத்துரைத்தனர். எல்லாப் படிகளும் இறுதியில் ஒன்றாக வேண்டும். காரணத்துக்குப் பின்னரே காரியம் தோன்ற வேண்டும். எழுதியவர் எண்ணிய பயன் கெடாதிருக்க வேண்டும். சுன் பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். முதல் இரண்டையும் கணிதம் நிறைவேற்றித் தருகின்றது. மூன்றாவதில் எழுத்தும் சொல்லும் இருந்த இடம் காக்கப்படுமேயன்றி வாக்கியத்தின் பொருள் காக்கப்படுவதில்லை. தேக்கா எடுத்துக்காட்டு காட்டுவதும் அதுவே.

இவற்றோடு தமிழுக்கே உரிய நுட்பம் ஒன்றும் சேர்கின்றது. ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயந்திரத்துக்கு இரண்டும் வேறு. ஆகவே விக்கிப்பீடியாவின் மென்பொருள் எல்லாவற்றையும் ஒரு வடிவுக்குக் கொண்டுவந்த பின்னரே பதிகின்றது. ஆடித்தளம் ஒவ்வொன்றும் அவ்விதியை ஒரே சீராகப் பின்பற்றாவிடின், ஒருவரும் திருத்தாத கட்டுரை முழுவதும் திருத்தப்பட்டதாகக் காட்டும். ஏட்டில் புள்ளியிடாத மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகத் தோன்றிப் பதிப்பாசிரியரை மயக்கின. இங்கோ ஒன்றாகத் தோன்றுவன இரண்டாக நின்று இயந்திரத்தை மயக்குகின்றன.

கம்பி அறுந்தால்

மூன்றாவது காரணம் கடலடிக் கம்பியின் நிலையாமை. 2006 டிசம்பர் 26ஆம் நாள் தைவானுக்குத் தெற்கே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் கடலடிக் கம்பிகள் பல அறுந்தன; சிங்கப்பூர் உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இணையத் தொடர்பு தடைப்பட்டும் தளர்ந்தும் போயிற்று; கம்பிகளைச் செப்பனிட வாரக்கணக்கில் ஆயிற்று. அத்தகைய நாளில் ஓர் ஆடித்தளம் செய்யத்தக்கது யாது? திருத்தங்களை ஏற்றால் மூலத்திலிருந்து விலகும். ஏற்க மறுத்தால் எழுத வந்தவரைத் திருப்பியனுப்பும். மூன்றாவது வழி இல்லை. தொடர்பு அறும் நிலையில் ஒருமைப்பாடு, இடையறாப் பணி ஆகிய இரண்டையும் ஒருங்கே காத்தல் இயலாது என்று எரிக் புரூவர் 2000இல் கருத்துரைத்தார். சேத் கில்பர்ட்டு, நான்சி லிஞ்சு ஆகியோர் 2002இல் அதனை மெய்ப்பித்தனர். கில்பர்ட்டு பின்னாளிற் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. விக்கிப்பீடியா இவ்விரண்டனுள் ஒருமைப்பாட்டைத் தேர்ந்தது. தொடர்பு அற்ற ஆடித்தளம் தன்னிடமுள்ள படிகளைக் காட்டலாம், எழுத்தை ஏற்காது.

எழுதியவர் யார்?

நான்காவது காரணம் பொறுப்பு. விக்கிப்பீடியாவின் உரிம விதிப்படி எழுதியவர்க்குரிய பெருமை அவருக்கே சேர வேண்டும். தீங்கு செய்தவரைத் தடுக்கவும் வழி வேண்டும். பயனர் பெயரின்றி எழுதுவோரை அடையாளம் காண, அவர்தம் இணைய முகவரியே நெடுங்காலம் துணையாயிற்று. பிறர் நடத்தும் ஆடித்தளத்தின் வழியே திருத்தங்கள் வந்தால் மூலத்துக்குத் தெரிவது ஆடித்தளத்தின் முகவரி ஒன்றே. அதன் பின்னால் நிற்பவர் ஆயிரவராயினும் ஒருவரே போலத் தோன்றுவர். ஒருவர் செய்த குற்றத்துக்கு ஆயிரவரும் தடுக்கப்படுவர். 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு முகவரியைத் தடுத்தபோது கத்தார் நாட்டார் பெரும்பாலோர் தடைப்பட்டனர். அந்நாட்டின் இணையப் போக்குவரத்து அந்த ஒரு வாயில் வழியே சென்றமையே காரணம். 1996 முதல் இணையப் போக்குவரத்தைப் பதிலி வழங்கிகளின் வழியே செலுத்திய சிங்கப்பூருக்கும் இது தொலைவான செய்தியன்று. பின்னால் இருப்பவர் இன்னார் என்று ஆடித்தளம் சான்று கூறலாம். ஆயின் அச்சான்றை மூலம் நம்ப வேண்டும். நம்பிக்கையைக் கம்பி வழியே அனுப்புதல் எளிதன்று.

பிரிந்த படியின் கதை

ஆடித்தளங்களைத் தத்தம் போக்கில் எழுத விட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கின்றது. 2002 பிப்ரவரியில், விளம்பரம் இடம்பெறக்கூடும் என்னும் அச்சத்தால், ஸ்பானிய விக்கிப்பீடியாவில் எழுதிவந்தோர் பலர் அதன் கட்டுரைகளைப் படியெடுத்துச் செவில் பல்கலைக்கழக வழங்கியில் தனிக் களஞ்சியம் கண்டனர். இரண்டிலும் திருத்தங்கள் தொடர்ந்தன, இரண்டும் விலகின. ஒரு பொருள் பற்றி இரு கட்டுரைகள், இரு வரலாறுகள் தோன்றின. அவற்றை மீண்டும் ஒன்றாக்குதல் கைகூடவில்லை. படியாக இருந்தது, திருத்தம் பெற்றதும் வேறு நூலாயிற்று.

இனி, தமிழ்ப் பதிப்பின் மூலத்தை மட்டும் ஆசியாவுக்குக் கொணரலாகாதோ என்று வினவலாம். எழுதுவோர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் உள்ளனர். ஒருவருக்கு அருகு மற்றவருக்குத் தொலைவு. மேலும் பயனர் கணக்குகளும் படங்களும் பிறமொழி இணைப்புகளும் எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் பொதுவாயின. ஒரு மொழியை மட்டும் பெயர்த்தால் பொதுவேர்கள் அறும்.

மூலத்தை மட்டும் நம்பியிருத்தலும் இடர் தருவதே. ஆகவே 2016 ஏப்ரலில் எழுதும் பணியை வர்ஜீனியாவிலிருந்து டெக்சாசுக்கு மாற்றிப் பார்த்தனர். அன்று ஏறத்தாழ முக்கால் மணி நேரம் எவரும் எழுத இயலவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அந்த இடைவெளி சில நிமிடங்களாகக் குறைந்தது. 2022 முதல் இரு பெரு நிலையங்களும் ஒருங்கே பக்கங்களை உருவாக்கித் தருகின்றன. எனினும் ஒரு நேரத்தில் எழுத்தாணி ஒரு நிலையத்திடமே உள்ளது.

இவ்வேற்பாட்டில் சிங்கப்பூர்த் தமிழர்க்கு இழப்பும் உண்டு, பேறும் உண்டு. தம் தெருக்களையும் கோயில்களையும் ஏடுகளையும் பற்றிய எழுத்தின் மூலம் தம் தீவில் இல்லை. கம்பி அறுந்தால் தம்மைப் பற்றிய பிழையையும் தாமே திருத்த இயலாது. ஆயின் அம்மூலம் ஒன்றாகவே இருப்பதால், சிறுபான்மையராகிய இவர்கள் இடும் திருத்தம் உலகெங்கும் உள்ள தமிழர் படிக்கும் பக்கத்தில் அவ்வாறே ஏறுகின்றது. தனி ஆடித்தளத்தில் எழுதியிருந்தால் அது இத்தீவினர் மட்டும் காணும் பாடபேதமாக ஒதுங்கியிருக்கும். கோடிக்கணக்கானோர் படிக்கும் பெரும்படியில் பழம்பிழையே நின்றிருக்கும்.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பணி காத்திருக்கின்றது. விக்கிப்பீடியாக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் வரலாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. யார், எப்பொழுது, எதை மாற்றினர் என்பது அங்கே காணப்படும். களஞ்சியத்தைப் படியெடுத்து வெளியிடும் பிற தளங்கள் பலவற்றில் பழைய வடிவமே நிலைத்திருப்பதும் உண்டு. மாணவரை இரண்டையும் ஒப்புநோக்கச் செய்து, எந்தத் திருத்தம் எச்சான்றால் நிற்கின்றது என்று கேட்கலாம். உள்ளூர்ச் செய்தி ஒன்று பிழைபட இருப்பின், தேசிய நூலகத்திற் சான்று தேடி, மூலத்திலேயே திருத்தச் செய்யலாம். சுவடிப் பதிப்பாசிரியர் முதுமை வரை பயின்ற கலையின் முதற்பாடம் அதுவேயாகும்.